சருகுமான் வந்த நேரம்



இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ஆசிரியர் ஒருவர் தம் தவற்றைத் தாமே எழுதிவைப்பது நம்மிடையே வழக்கமில்லை. ஆயினும், இன்று பல தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கழகங்கள் இத்தகைய படக்கருவிகளை வாங்கத் தொடங்கியுள்ளன. எனக்கு நேர்ந்தது அவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரு வாசிப்புப் பாடம்தான். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் 'சங் கஞ்சில்' கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, எண்ணுவதுபோல் அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடக்கும் அந்தச் சருகுமானை அறியாத மலேசியப் பிள்ளை இல்லை. பரமேசுவரா மலாக்காவை நிறுவிய கதையிலும் வேட்டைநாயை உதைத்துத் தள்ளியது ஒரு வெண்சருகுமானே. மலாக்காவின் மாநிலச் சின்னத்தில் அது இன்றும் நிற்கிறது. 1994 இல் வந்த சிறிய மகிழுந்துக்கும் அதன் பெயரைத்தான் வைத்தார்கள். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, சருகுமான் எப்போது தூங்கும்?"

எனக்குத் தெரியவில்லை. இரவு விலங்கு, பகலில் தூங்கும் என்று சொல்லி அமரவைத்தேன். அதற்கு என்னிடமிருந்த ஒரே ஆதாரம் என் அப்பா.

அப்பா கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால்வெட்டியவர். இப்போது எங்களோடு ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். காலையில் தண்ணீர்மலை அடிவாரம்வரை நடந்து திரும்புவது ஒன்றே அவருடைய வேலை. அந்நாளில் லயத்து ஆண்கள் சிலர் சனிக்கிழமை இரவுகளில் தோட்டத்தை ஒட்டிய காட்டுக்குள் போவார்கள். நெற்றியில் விளக்கு, கையில் தடி, இடுப்பில் கத்தி, முன்னால் இரண்டு நாய்கள். பெரும்பாலும் காட்டுப்பன்றிதான் கிடைக்கும். கிடைக்கும் இறைச்சியை லயம் முழுவதும் பங்கிட்டுக்கொள்வார்கள். எப்போதாவது ஒரு சருகுமான் அகப்பட்டால் அது அகப்பட்டவர் வீட்டுக்கு மட்டும். ஆட்டுக்கடை அந்த ஊரில் இல்லை. இருந்தாலும் வாங்கக் காசில்லை. அந்தக் குழம்பை உண்டு வளர்ந்தவன்தான் இதை எழுதுகிறேன். ஆகவே வேட்டைக்காரர்களை ஒரேயடியாக ஏசும் தகுதி எனக்கில்லை.

மாணவனின் கேள்வி மனத்தை உறுத்தியது. அறிவியல் கழகத்துக்காக ஒரு தானியங்கிப் படக்கருவி வாங்கினோம். விலை இருநூறு வெள்ளிக்குள்தான். செங்கல் அளவிலான பச்சைப்பெட்டி. மரத்தில் வாரினால் கட்டிவிடலாம். அதன் முகத்தில் வெப்பத்தை உணரும் சிறு கண் ஒன்றுண்டு. சுற்றுப்புறத்தினின்று வேறுபட்ட வெப்பமுடைய ஏதேனும் அதன்முன் அசைந்தால் கருவி விழித்துக்கொள்ளும், படம் எடுக்கும், படத்தின் அடியில் நாளையும் நேரத்தையும் பதிக்கும். இரவில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். வெயிலில் சூடேறிய வாழையிலை காற்றில் ஆடினாலும் ஏமாந்துபோய் நூறு படம் எடுத்துத் தள்ளும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

பாலேக் புலாவில் என் பெரியப்பா மகன் ஒரு டுரியான் தோட்டத்தைப் பராமரிக்கிறார். தோட்டத்தின் மேல்விளிம்பு காட்டோடு சேர்கிறது. தவுக்கேயின் அனுமதியைப் பெற்று, அங்கே முழங்கால் உயரத்தில் கருவியைக் கட்டினோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமையில் நினைவட்டையை எடுத்துவருவேன். திங்கட்கிழமை கழக நேரத்தில் மாணவர்கள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக் குறிப்பேட்டில் விலங்கு, நாள், நேரம் என மூன்று கட்டங்களில் எழுதுவார்கள். முதல் தடவை காலை, மாலை அமைப்பை நான் மாற்றி வைத்துவிட்டதால் தோட்டத்துச் சேவல் ஒன்று நள்ளிரவு இரண்டு மணிக்கு வெயிலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வகுப்பே சிரித்தது. அறிவியலில் கருவியைச் சரிபார்ப்பது எத்துணை முக்கியம் என்பதை அதைவிட நன்றாக என்னால் கற்பித்திருக்க முடியாது.

மூன்றாம் தடவை சருகுமான் வந்தது.

பதினைந்து விநாடிப் படம். சருகுகளுக்கிடையே பூனையளவு உடல், பென்சில்போன்ற கால்கள், தொண்டையில் வெள்ளைக்கோடு. கொம்பு கிடையாது, ஆணுக்கு மேலுதட்டின் கீழே சிறு கோரைப்பல் நீண்டிருக்கும். பெயரில் மான் இருந்தாலும் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதனினும் பழமையான தனிக்குடும்பம். நின்றது, மூக்கை உயர்த்தியது, உதிர்ந்த காய் ஒன்றை முகர்ந்தது, போய்விட்டது. பிள்ளைகள் இருபது முறையாவது போடச் சொல்லியிருப்பார்கள்.

ஐந்து மாதத்தில் ஒன்பது முறை வந்தது. அதில்தான் வியப்பு. நான்கு படங்கள் காலை ஏழேகாலுக்கும் எட்டரைக்கும் இடையில். நான்கு, மாலை ஆறேகாலுக்கும் ஏழரைக்கும் இடையில். ஒன்றே ஒன்று இரவு பதினொரு மணிக்கு. எங்கள் பக்கத்தில் சூரியன் எழுவதே ஏறத்தாழ ஏழேகாலுக்குத்தான். மறைவதும் ஏழேகாலை ஒட்டித்தான். ஆக, எங்கள் சருகுமான் விடியலுக்கும் அந்திக்கும் உரியது, இரவுக்குரியதன்று. ஒரே ஓர் இடத்து ஒன்பது படங்களைக்கொண்டு எதையும் முடிவுகட்டிவிட முடியாது என்று மாணவர்களிடம் சொன்னேன். பிறகு தேடிப் படித்தபோது, சபா காட்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் சருகுமான்களுக்கு வானொலிப்பட்டை அணிவித்துப் பின்தொடர்ந்ததும், அவை பகலில் நடமாடி இரவில் பெரும்பாலும் ஓய்வெடுத்ததைக் கண்டதும் தெரியவந்தன.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பகல்லயா? நாங்க ராத்திரியிலதானே புடிச்சோம்."

சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார். விளக்கடித்தால் சருகுமானின் கண் மின்னும், அது ஓடாது, அப்படியே இருக்கும், கிட்டப்போய்த் தடியால் அடித்துவிடுவார்கள். நடந்துகொண்டிருந்த சருகுமானைத் தாம் இரவில் பார்த்ததாகவே நினைவில்லை என்றார். "அப்போ அது படுத்திருந்திருக்கு, தம்பி. நாங்கதான் அதை ராத்திரியில சுத்துற பிராணின்னு நெனச்சுக்கிட்டோம்."

வேட்டைக்காரனுக்கு விலங்கைப் பற்றித் தெரிந்தது எல்லாம் தான் அங்கே இருந்த நேரத்துக்குள் அடங்கியது. தான் இல்லாத நேரத்தில் அது என்ன செய்கிறது என்பதை அவன் ஊகிக்கத்தான் முடியும். படக்கருவி அந்த இருட்டைத்தான் நீக்கியது. அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வேட்டையாடுவோர் இக்கருவியை இலட்சக்கணக்கில் வாங்குவதற்கும் அதுவே காரணம். முதிர்ந்த கலைமான் வேட்டைக்காலம் தொடங்கியதும் இரவுக்கு ஒதுங்கிவிடுகிறது. தரையைக் காலால் கீறி மணம் விட்டுச்செல்லும் இடங்களுக்கு அது பெரும்பாலும் இருட்டில்தான் வருகிறது. இணைசேரும் பருவத்தில் தன் வழக்கமான எல்லையை விட்டு வெகுதூரம் அலைகிறது. இந்தக் காட்டில் மானே இல்லை என்று சலித்துத் திரும்பியவர்கள், தாம் உட்கார்ந்திருந்த மரத்தடியிலேயே தாம் இறங்கிப்போன பிறகு மான் நடந்துபோனதைப் படத்தில் கண்டார்கள். கொம்பின் கிளைகளை வைத்து இது இன்ன மான் என்று ஆண்டுக்கணக்கில் அடையாளம் வைத்துக்கொள்வோரும் உண்டு.

இதன் முன்னோடியும் ஒரு வேட்டைக்காரரே. ஜார்ஜ் ஷைராஸ் என்னும் அமெரிக்கர், மிச்சிகன் ஏரிகளில் படகின் முகப்பில் விளக்கேற்றி, கண் கூசி நிற்கும் மானைச் சுடும் பழைய முறையைக் கற்றிருந்தார். பின்னர் துப்பாக்கியின் இடத்தில் படப்பெட்டியை வைத்தார். மான் தானே கயிற்றை இழுத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும் பொறியையும் அமைத்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவருடைய படங்களை வெளியிட்டது. அடுத்த இருபதாண்டுகளில் இந்தியக் காட்டதிகாரி சாம்பியன் இமயமலை அடிவாரத்தில் புலிகளை அவ்வாறே படமெடுத்தார். விளக்கடித்து நிற்கவைக்கும் தந்திரம் கூலிம் காட்டிலும் மிச்சிகனிலும் ஒன்றாக இருந்திருக்கிறது என்று சொன்னபோது அப்பா சிரித்தார். அமெரிக்காக்காரனுக்கும் பசி இருந்திருக்கும் என்றார். ஷைராஸ் பசித்து வேட்டையாடியவர் அல்லர், வசதியான வழக்கறிஞர் என்பதை நான் சொல்லவில்லை.

ஆனால், அந்த அமெரிக்காவிலேயே அரிசோனா மாநிலம் வேட்டைக்கு இக்கருவியைப் பயன்படுத்துவதை 2022 ஜனவரி முதல் தடைசெய்தது. வறண்ட நிலத்தில் தண்ணீர்க்குழிகள் சில. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கருவிகள் கட்டப்பட்டால் தாகத்தோடு வரும் விலங்குக்கு ஒளிவதற்கு நேரமே இல்லாமல் போகிறது. இதை நான் படித்தது எங்கள் சருகுமான் வந்த பிறகுதான். முன்பே படித்திருந்தால் நலமாயிருந்திருக்கும்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

நான்காம் படம் வந்த அன்று மகிழ்ச்சி தாளவில்லை. பெற்றோர் புலனக் குழுவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளனர். அதில் படத்தைப் போட்டேன். படம் மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. ஆசிரியப் புத்தி, விளக்கம் இல்லாமல் விடாது. பாலேக் புலாவில் இன்ன தோட்டத்தின் மேல்விளிம்பு, ஓடைக்கரை. விடியலிலும் அந்தியிலும் தவறாமல் இதே வழியில் வருகிறது என்று எழுதினேன். மாணவர்கள் வரைந்த நேர அட்டவணையையும் இணைத்தேன். பாராட்டுகள் குவிந்தன. கைகூப்பும் படங்களையும் பூங்கொத்துகளையும் இரவு பத்துமணிவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஐந்து முறை சருகுமான் வந்தது. ஒன்பதாம் படத்துக்கு நான்கு நாள் கழித்து, மாலை ஐந்தேமுக்காலுக்கு, கருவி ஒரு மனிதரைப் படமெடுத்தது.

நல்லவேளையாக, நினைவட்டையை மாணவர்களுக்குக் காட்டுமுன் வீட்டில் ஒருமுறை பார்க்கும் வழக்கம் வைத்திருந்தேன். முழங்கால் உயரக் கருவி என்பதால் முகம் தெரியவில்லை. குனிந்தபோது தோள் தெரிந்தது. கையில் மெல்லிய கம்பிச்சுருள். அவர் அணிந்திருந்தது எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று பெற்றோருக்குக் கொடுத்த மஞ்சள் சட்டை.

மறுநாளே புறப்பட்டேன். அப்பாவும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றார். எழுபத்தெட்டு வயதில் அந்த மேட்டில் ஏறவேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கருவியிலிருந்து பத்தடி தள்ளி, ஓடைக்குப் போகும் ஒற்றைத் தடத்தில், நான் இரண்டுமுறை கடந்துபோயும் காணாததை அவர் நின்ற இடத்திலிருந்தே கண்டார். இருபுறமும் குச்சிகளை நட்டு, தடத்தை ஒரு சாண் அகலமாகக் குறுக்கி, நடுவில் கம்பிக் கண்ணி. வளைத்துக்கட்டிய இளமரம் அதை இழுத்துப் பிடித்திருந்தது. கண்ணி காலியாக இருந்தது. அப்பா மெல்ல அமர்ந்து முடிச்சை அவிழ்த்தார். விரல்களுக்கு அது மறக்கவில்லை.

"புதுசா கத்துக்கிட்டவன் இல்லை. நல்லா கட்டியிருக்கான்," என்றார். பிறகு, "நாங்க ஒரு கண்ணி வைக்க மூணு நாளு தடம் பாப்போம். இவன் ஒருநாளும் பாக்கல. நேரா வந்து வச்சிருக்கான். யாரோ சொல்லியிருக்காங்க," என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

இறங்கி வரும்போது அப்பா தாமாக ஒன்றைச் சொன்னார். தோட்டத்து நாட்களில் ஒருமுறை வைத்த கண்ணிகளில் ஒன்றை மழையால் போய்ப் பார்க்கவில்லை. பத்துநாள் கழித்துப் போனபோது அதில் ஒரு கீஜாங்கின் கால் மட்டும் இருந்தது. கீஜாங் என்று நாம் சொல்வது கேளையாடு, நாய்போல் குரைக்கும் சிறு மான். "கால விட்டுட்டுப் போயிடுச்சு," என்றார். அதன்பிறகு அவர் கண்ணி வைக்கவில்லையாம். விளக்கடிக்கப் போனார், கண்ணி வைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் இக்கதையை நான் கேட்டதில்லை.

கண்ணி ஆள்பார்த்துப் பிடிப்பதில்லை என்பதை நாட்டின் காடுகள் நன்கு அறியும். பேராக்கின் பெலும் தெமெங்கோர் காட்டில் அரசுத் துறையும் அரசுசாரா அமைப்புகளும் ஆண்டுதோறும் கண்ணிகளை அகற்றி வருகின்றன. மானுக்கு வைத்ததில் புலியும், புலிக்கு வைத்ததில் மானும் அகப்படும். 1998 முதல் 2001 வரை தாமான் நெகாராவில் கருவிகளை வைத்துப் புலிகளை எண்ணியவர் கவானிஷி என்னும் ஜப்பானியப் பெண்மணி. வரிகளைக்கொண்டு ஒவ்வொரு புலியையும் பிரித்தறியும் முறை, கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் கையாண்டது. புலியைத் தேடிப்போன கருவிகளில் மான்களும் பதிந்தன, பதியாமலும் போயின. நாம் ரூசா என்று அழைக்கும் கடமான் பல காடுகளின் படங்களில் மிக அரிதாகிவிட்டிருந்தது. பல ஆய்வுகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது நிலைமை தெளிவாயிற்று. 2009 இல் தீபகற்ப மலேசியாவில் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட உரிமம் வழங்குவது நிறுத்தப்பட்டது. அத்தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. மானைத் தின்னும் புலிகளோ, 2016 முதல் 2020 வரை நடந்த நாடுதழுவிய கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு என்று தெரியவந்தது. இந்தக் கணக்கும் இதே பச்சைப்பெட்டிகளின் வேலைதான்.

அந்த ஆய்வாளர்கள் படத்தை வெளியிடுவார்கள். கருவி இருக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். அது ஏன் என்று ஐந்து மாதமாக எனக்குத் தோன்றவேயில்லை.

மஞ்சள் சட்டைக்காரர் யாரென்று எனக்குத் தெரியும். தோளைச் சாய்த்து நடக்கும் விதம் போதும். ஒவ்வொரு நாளும் பள்ளி வாசலில் பார்க்கிறேன். கண்ணி வைப்பது 2010 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி கடுமையான குற்றம். பெர்ஹிலித்தானிடம் படத்தைக் கொடுத்திருந்தால் நடவடிக்கை எடுத்திருப்பார்கள். நான் கொடுக்கவில்லை. தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை. இது சரியில்லை என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். என் மனைவியும் அவ்வாறுதான் சொன்னார். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை.

ஒரு மாலையில் அவரைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சந்தித்துக் கம்பியை மேசைமீது வைத்தேன். அவர் மறுக்கவில்லை. தலைகுனிந்து வெகுநேரம் இருந்தார்.

"அம்மாவுக்கு முடியலங்கய்யா. படுத்த படுக்கை. தோட்டத்துல சாப்பிட்டத நெனச்சு நெனச்சு கேக்குறாங்க. கடையில விக்கிற வளர்ப்பு ரூசா இறைச்சி வாங்கிக் குடுத்தேன். அது இல்லன்னுட்டாங்க."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"நீங்கதானேய்யா எடத்தையும் நேரத்தையும் போட்டீங்க. இல்லன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அகப்பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரே கண்ணிதான் வைத்ததாகவும், மறுபடி போய்ப் பார்க்கவே இல்லை என்றும் சொன்னார். நம்பினேன். போய்ப் பார்க்கவே இல்லை என்றபோது அப்பாவின் கீஜாங் கால்தான் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவருடைய அம்மாவும் கெடாத் தோட்டத்துக்காரர்தான். அடுத்த ஞாயிறு அப்பாவை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு கிழவர்களும் பேசியதில் பாதி எந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்பது. மீதி, என்னென்ன சாப்பிட்டோம் என்பது. அந்த அம்மாள் சிரித்ததைப் பார்த்துப் பேரன் வியந்து நின்றான்.

அந்தப் பேரன்தான் சருகுமான் எப்போது தூங்கும் என்று கேட்டவன்.

குழுவில் போட்டதை நீக்கிவிட்டேன். நூறு பேர் பார்த்ததை நீக்கமுடியாது. கருவியை வேறோர் இடத்துக்கு மாற்றினோம். இப்போது குறிப்பேட்டில் விலங்கு, நேரம் மட்டுமே எழுதுகிறோம். இடத்துக்கு ஓர் எண். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது என்னிடமும் என் அண்ணனிடமும் மட்டும். கருவி வாங்கவிருக்கும் பள்ளிகள் இதை முதல்நாளிலிருந்தே செய்யலாம். படங்களைப் பெற்றோருக்குக் காட்டுவதானால் அடியில் பதிந்துள்ள நேரத்தையும் வெட்டிவிடுங்கள்.

புதிய இடத்தில் ஏழு வாரம் ஆயிற்று. காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று வருகிறது. மரநாய் வருகிறது. ஒருநாள் குரங்கொன்று கருவியை நக்கிப்பார்த்தது. பழைய இடத்திலும் அண்ணன் அவ்வப்போது சென்று தடம் பார்க்கிறார். ஒன்பதாம் படத்துக்குப்பின் சருகுமானை யாரும் காணவில்லை. இடம் மாறிப்போயிருக்கலாம்.

சென்ற திங்கட்கிழமை குறிப்பேடு எழுதும் முறை அந்த மாணவனுக்கு. படங்கள் முடிந்ததும் கேட்டான்.

"ஐயா, சருகுமான் ஏன் வரவில்லை?"

"தெரியவில்லை," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு, கட்டத்தில் ஒரு சுழியம் போட்டான். அளவுகோலை வைத்து அடுத்த இரு வாரத்துக்கான கட்டத்தையும் வரைந்து, மேலே 'சருகுமான்' என்று முன்கூட்டியே எழுதிவைத்தான்.